கழிக்கு வந்த வேளா

ஆவுடையப்பன் வக்கீல் தொழிலில் தலை நரைத்தவர். அவருடைய குரு உமையாள் அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். கழிமுகத்தில், அலையாத்திக் காட்டை ஒட்டி அம்மையின் ஆசிரமம் இருந்தது.

ஒரு நாள் காலை அவர் வாடிய முகத்தோடு வந்தார். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று மருமகளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாராம். அவள் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டாளாம். ஆயுள் முழுக்க மௌனவிரதம் இருக்க அவர் அனுமதி கேட்டார்.

"இந்த நாக்கு இருக்கிறவரைக்கும் எனக்குக் கதி இல்லைம்மா."

அம்மை பதில் சொல்வதற்குள் மீனவர் இன்னாசி கழியிலிருந்து குரல் கொடுத்தார். இருவரும் இறங்கிப் போனார்கள்.

இடுப்பளவுக் கலங்கல் நீரில், இன்னாசியின் வலையில் ஒரு வேளா மீன் மாட்டியிருந்தது. இரண்டு ஆள் நீளம். மூக்கிலிருந்து நீண்ட கொம்பின் இரு பக்கமும் ரம்பம் போலப் பற்கள். அவற்றில் வலை சுற்றி இறுகியிருந்தது.

வேளாவைக் கண்ணால் பார்த்தே பல வருடமாகிறது என்றார் இன்னாசி. சூல் மீன், குட்டி போடத்தான் ஆழமில்லாத கழிக்குள் வந்திருக்கிறது என்றும் சொன்னார். ஆனால் வலை புதுசு. அறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"கொம்பை வெட்டிடலாமே. மீனும் உயிரோட நீந்திப் போயிடும், வலையும் தப்பிக்கும்" என்றார் ஆவுடையப்பன்.

"கலங்கல் தண்ணியில இரை எங்கே அசையுதுன்னு அது கொம்பாலதான் தெரிஞ்சுக்கும்" என்றார் அம்மை. "கொம்பு போனா பட்டினிதான்."

 ஆவுடையப்பன் இன்னாசி பக்கம் திரும்பி, வலையை அறுக்கச் சொல்லி வாதாட ஆரம்பித்தார். கோர்ட்டில்கூட அப்படி வாதாடியிருக்க மாட்டார். வலையைத் தைத்துக்கொடுக்கத் தானும் உட்காருவதாக அவர் வாக்குக் கொடுத்ததும் இன்னாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கத்தியை வலையில் வைத்தார். வேளா சேற்றைக் கிளப்பிக்கொண்டு அலையாத்தி வேர்களின் பக்கம் போய் மறைந்தது.

கரையில் வலை ஊசியோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது ஆவுடையப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இவ்வளவு பல்லோட குட்டி பிறந்தா, தாய்க்கு வயிறு கிழியாதாம்மா?"

"கிழியாது. பிறக்கும்போது கொம்பு மேல மெத்துன்னு ஒரு உறை இருக்கும். வெளியே வந்த பிறகு தானே போயிடும்."

ஆவுடையப்பனின் கை நின்றது.

"அப்போ, நான் கேட்ட மௌனவிரதம்?"

"எதுக்கு? வீட்டுக்குள்ள நுழையும்போது மட்டும் உறையைப் போட்டுக்குங்க."