தேனீ கொட்டாத கை

“சௌடி கையில மட்டும் சட்டத்தைக் குடுத்துடாதீங்கடி. அவ போட்டுட்டு ஓடுவா. கொட்டு வாங்குறது நாம.”

“புத்தகத்துல தேனீ படம் வந்தாலே பக்கத்தைத் தள்ளிப் பிடிச்சுத்தான் படிக்கிறா.”

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரித்தார்கள். இந்தப் பக்கம் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்த சௌடேஸ்வரி குழாயை மூடவில்லை. மூடினால், அவள் அங்கே இருப்பது தெரிந்துவிடும்.

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை.

போன மாதம் வேளாண் கல்லூரியின் தேனீப் பண்ணையில், தேனீக்கள் மொய்த்த மரச்சட்டத்தை முதல்முறையாகக் கையில் வாங்கினாள். காதருகே ஒன்று ரீங்கரித்தது. சட்டத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். விழுந்த சட்டத்துக்கு அடியில் ராணித் தேனீ நசுங்கிக் கிடந்தது. ராணி போன அந்தத் தேனீப் பெட்டி மெல்ல மெல்லக் காலியாகிவிட்டது.

அவர்கள் குழுவுக்குக் கொடுத்தது இரண்டு பெட்டி. மீதி ஒன்று.

ரெஜினா மேடம் அதைத் திறந்துகொண்டிருந்தார். வெறுங்கை.

சௌடேஸ்வரி கையுறையை மாட்டினாள். கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

“மேடம், எனக்கு மட்டும் பிராக்டிகலுக்குப் பதிலா தியரி வெச்சுடுங்களேன். எத்தனை பக்கம் வேணும்னாலும் எழுதறேன்.”

“சட்டத்தை எப்படிப் பிடிக்கணும் மக்களே?”

மேடத்துக்கு மார்த்தாண்டம் பக்கம். அவருக்கு எல்லா மாணவிகளும் மக்களேதான்.

“ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற இடத்துல. பெட்டிக்கு நேர் மேலதான் தூக்கணும். உதறக் கூடாது. ஒண்ணு கொட்டிடுச்சுன்னா அந்த வாசனைக்கே மத்ததுக்கும் கோபம் வந்துடும். பழுத்த வாழைப்பழ வாசனை.”

“மோந்து பாத்திருக்கியா?”

“இல்ல மேடம். படிச்சேன்.”

மேடம் ஒரு சட்டத்தை மெதுவாக உருவி எடுத்தார். அது கறுப்பும் மஞ்சளுமாக உயிரோடு நெளிந்தது. தேனீக்கள் அவர் மணிக்கட்டு வரை ஏறி இறங்கின.

“வா. பிடி.”

சௌடேஸ்வரி ஓர் அடி முன்னால் வந்தாள். ஓர் அடி பின்னால் போனாள்.

“திடீர்னு காத்து அடிச்சா என்ன செய்யணும் மேடம்?”

மேடத்தின் கண் சட்டத்தின் மேலேயே இருந்தது.

“முகவலைக்குள்ள ஒண்ணு நுழைஞ்சுட்டா?”

மேடம் நின்ற இடத்திலேயே நின்றார். சட்டம் சுவரில் மாட்டியது போல அவர் கையில் இருந்தது.

“உங்களுக்கு என்ன மேடம், உங்களைத்தான் அதுங்க கொட்டறதே இல்லையே!” சௌடேஸ்வரி கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “கொட்டாம இருக்க நீங்க என்ன செய்யறீங்க? அதை மட்டும் சொல்லிக் குடுங்க. இப்பவே பிடிக்கறேன்.”

தொட்டியருகே சிரித்த இருவரும் இப்போது பின்னால் வந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“கிட்ட வந்து பாரு.”

மேடத்தின் கட்டைவிரல் அடியில் தேனீயின் கொடுக்கு ஒன்று குத்தி நின்றது. மணிக்கட்டில் இன்னொன்று. அதன் நுனியில் விஷப்பை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் தோல் சிவந்து தடித்திருந்தது.

வாழைப்பழ வாசனை வந்தது.

“ஐயோ, எப்ப மேடம்?”

“ஒண்ணு, நீ காத்தைப் பத்திக் கேக்கும்போது. இன்னொண்ணு, முகவலையைப் பத்திக் கேக்கும்போது.”

“நீங்க அசையவே இல்லையே...”

“ராணி எங்க இருக்கு, பாரு.”

சட்டத்தின் நடுவில், நீண்ட வயிற்றை இழுத்துக்கொண்டு, ராணி ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

சௌடேஸ்வரி கையுறைகளைக் கழற்றிக் கீழே போட்டாள். சட்டத்தின் இரண்டு காதுகளையும் பிடித்தாள்.

மேடம் கையை எடுத்தார்.

ஒரு தேனீ அவள் ஆள்காட்டி விரலில் ஏறியது. புறங்கையில் நடந்தது. அங்கேயே நின்றது.

அவள் முகம் சுருங்கியது. கண்ணில் நீர் முட்டியது. பின்னால் நின்ற இரண்டு பேரும் ஓடத் தயாரானார்கள்.

சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டிக்குள் இறக்கினாள். மற்ற சட்டங்களோடு இடைவெளி பார்த்து நிறுத்தினாள். மூடியைத் தூக்கி, நான்கு மூலையும் பொருந்துகிறதா என்று பார்த்து வைத்தாள்.

அதற்குப் பிறகுதான், பண்ணை முழுக்கக் கேட்கும்படி, “அம்மா!” என்று கத்தினாள்.