கருப்பட்டிப் பீரங்கி

முன்னொரு காலத்தில் ஓர் அப்பளத்தால் ஒரு நாட்டுக்கே ஆபத்து வந்தது. சிரிக்காதீர்கள். ராஜாவுக்குக் கோபம் வர அப்பளமே போதும்.

அது கடலோர நாடு. அரசர் கோதண்ட பூபதி தம் மகளை மலைநாட்டு இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். சம்பந்திகள் இருவருக்கும் ஒரே எதிரி, கப்பலில் வரும் கொள்ளையர். கடற்கரையைச் சூறையாடிவிட்டு ஆற்றுவழியே மலைக்கும் ஏறிவிடுவார்கள். அதனால் இரு நாடுகளும் பீரங்கியைக் கூட்டாகச் செய்வது வழக்கம். குழலை மலைநாட்டில் வார்ப்பார்கள், வெடிமருந்தைக் கடல்நாட்டில் இடிப்பார்கள்.

மலைநாட்டில் நடந்த மகளின் வளைகாப்புப் பந்தியில் பூபதியின் இலையில் உடைந்த அப்பளம் விழுந்தது. மனிதர் விட்டாரா? ஊர் திரும்பியதும் இருந்த மூன்று குழல்களையும், சீர்வரிசையைத் திருப்புவதுபோல, வண்டியேற்றி அனுப்பிவிட்டார். சம்பந்தி மட்டும் இளைத்தவரா? மருந்து மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்.

"இனி நம் பீரங்கியில் மலைநாட்டுத் துரும்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது!" என்று சபையில் கர்ஜித்தார் பூபதி.

தளபதி உக்கிரசேனருக்கு அரண்மனை விகடன் கொண்டையப்பனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "மகாராஜா, இந்த அருஞ்செயலுக்குக் கொண்டையப்பனே தகுந்தவன். பத்து நாளில் செய்யட்டும். தவறினால் குடுமியைச் சிரைத்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றுவோம்" என்றார். அரசரும் தலையாட்டினார்.

கொண்டையப்பன் குடுமியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். குடுமி போனால் பெயரே போய்விடுமே! நாடெங்கும் தேடினான். உப்பு இருந்தது, கருவாடு இருந்தது, பனை இருந்தது. பனையை வெட்டலாமென்றால் கோடரி மலைநாட்டு இரும்பு. யோசித்துப் பார்த்து, வீட்டுக்கு வீடு கருப்பட்டி திரட்டத் தொடங்கினான்.

பத்தாம் நாள் கடற்கரையில் பன்னிரண்டு முழ நீளத்தில் கன்னங்கரேலென்று ஒரு பீரங்கி நின்றது.

"என்ன இது?" என்றார் பூபதி.

"கருப்பட்டிப் பீரங்கி, மகாராஜா. முழுக்க நம் நாட்டுச் சரக்கு."

"எறும்பு மொய்க்கிறதே!"

"அதுவும் நம் நாட்டு எறும்புதான். அடியேன் நன்றாக விசாரித்துவிட்டேன்."

உக்கிரசேனர் வாளை உருவினார். "ஐயோ, மலைநாட்டு இரும்பு!" என்று கொண்டையப்பன் அலற, காவலர்கள் வாளைப் பிடுங்கினார்கள். அரசர் ஆசனத்தில் அமரப் போனார். "அது மலைநாட்டுத் தேக்கு. பீரங்கிக்கே ஆகாதது மகாராஜாவின் திருமேனிக்கு ஆகுமா?" என்று அதையும் இழுத்துவிட்டான். பூபதி மணலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அப்போது தீவுக் காவலன் தோணியில் வந்து இறங்கி, "மகாராஜா! கொள்ளையர் கப்பல்கள் ஏழு! நாளைக் காலை கரை சேர்ந்துவிடும்!" என்று கத்தினான்.

"கொண்டையப்பா, சுடு!"

"சுடலாம் மகாராஜா, உருகிவிடும். மலைநாட்டிலும் இதே கதைதான். அங்கே மருந்து இல்லாமல் குழலில் தினைமாவைத் திணித்து இடிக்கிறார்களாம். நம் கருப்பட்டியும் அவர்கள் மாவும் சேர்ந்தால் கொள்ளையருக்குப் பணியாரம்தான் கிடைக்கும். அவர்கள் குழலும் நம் மருந்தும் சேர்ந்தால்தான் வெடிக்கும்."

பூபதி பல்லைக் கடித்தபடி ஓலையை எடுத்தார். 'என் இலையில் விழுந்த அப்பளம் முழுதாகவே இருந்தது. குழல்களோடு உடனே புறப்படவும்' என்று எழுதி, குதிரைவீரனிடம் கொடுத்து விரட்டினார்.

மறுநாள் விடிவதற்குள் மூன்று குழல்களும் ஆற்றோடு படகில் வந்திறங்கின. சம்பந்தியும் கூடவே வந்தார். மருந்தைக் கெட்டித்தார்கள், திரியைக் கொளுத்தினார்கள். ஒரே வெடியில் முன்கப்பலின் பாய்மரம் முறிந்தது. ஏழு கப்பல்களும் திரும்பிப் பாராமல் ஓட்டம் பிடித்தன.

அதோடு விட்டார்களா? "அந்தச் சத்தம் எங்கள் குழலுடையது!" என்று மீசையை முறுக்கினார் மலைநாட்டார். "சத்தம் கொடுத்தது எங்கள் மருந்து!" என்று எகிறினார் பூபதி. "கொண்டையப்பனே சொல்லட்டும்" என்று கொளுத்திப்போட்டார் உக்கிரசேனர். யார் பக்கம் சொன்னாலும் இன்னொருவரிடம் குடுமி சிக்கும் என்பது அவர் கணக்கு.

கொண்டையப்பன் இருவரையும் வணங்கினான்.

"சத்தமும் புகையும் இருவருக்கும் பொது, மகாராஜா. ஓட்டம் மட்டும்தான் கொள்ளையருடையது."

சம்பந்திகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பூபதி தம் முத்துமாலையைக் கழற்றி, விகடனின் குடுமியில் தாமே சுற்றிவிட்டார்.