சாவு வீட்டில் பாப்கார்ன்

சிரிக்க வைக்கிறேன், ஆனால் இப்போதே இல்லை. முதலில் நடிகர் ‘இடிமுரசு’ சேரலாதன், தியேட்டரில் ஓடும் தன் புதுப் படத்தின் விழா மேடையில் அழுது முடிக்கட்டும். "திருட்டுப் பிரதி பாக்குறவன் என் ரசிகனே இல்லடா" என்று மூக்கை உறிஞ்சி, கைதட்டல் வாங்கி, இறங்கினார். இறங்கியதும் ஒலிப்பதிவு உதவியாளர் பூவிழியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா சாகுற சீன்ல எவனோ இருமுறான். நீ சேத்த சத்தம்தானே? இன்னையோட உனக்கு வேலை இல்லம்மா."

பக்கத்தில் நின்ற தயாரிப்பாளரும் அதற்குத் தலையாட்டினார். பூவிழி பயந்தவள் போலக் கைகட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க சார். இருமலுக்கு முன்னாடி ஒரு குழந்தை அழுமே, அது நல்லா இருந்துச்சா?"

"அது பிரமாதம். மனசையே பிசைஞ்சிடுச்சு."

"அப்புறம் ஒருத்தர் உங்களுக்குக் குறுக்கே நடந்து போனாரா?"

"ஆமா, கையில பாப்கார்னோட. சாவு வீட்டுல பாப்கார்ன் எதுக்குன்னு டைரக்டரைக் கேக்கணும்."

"அவர் நம்ம படத்துலயே இல்ல சார். தியேட்டர்ல செல்போன்ல திருட்டுத்தனமா படம் புடிச்சவனுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போன ஆளு."

தயாரிப்பாளர் தலையாட்டுவதை நிறுத்தினார். சேரலாதன் இன்னும் பாப்கார்னையே யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கை மெதுவாக மேலே போய், சட்டைப் பையிலிருந்த செல்போனைப் பொத்தியது.