ஏலத்துக்கு வந்த இடிமுழக்கம்

கொழிஞ்சிப்பட்டி இடிமுழக்கம் பேண்டு செட்டைத் தெரியாத ஆளு உசிலம்பட்டிப் பக்கம் கிடையாது. வாசிப்புக்காக இல்ல, சொன்ன பேச்சைக் கேக்குறதுக்காக. ஒரு கல்யாணத்துல, "பொண்ணு கார்ல ஏறுற வரைக்கும் வாசிங்கப்பா"ன்னு ஒரு பெரியவர் சொல்லிட்டுப் போயிட்டாரு. பொண்ணு பஸ்ல போயிருச்சு. மறுநாள் வேற கல்யாணத்துப் பொண்ணு ஒண்ணைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்து, கார்ல ஏத்திக் காட்டித்தான் மண்டபத்துக்காரர் இவங்களை நிறுத்துனாரு.

மொத்தம் நாலு பேரு. டிரம்பெட் ஊதுறவன் ஒச்சப்பன். பெரிய டிரம்மு பெத்தணன். கிளாரினெட்டு மொக்கராசு, நாலு பேருல யோசிக்கிற ஆளுன்னா அவன்தான். யோசிச்சு என்னத்தைக் கண்டான்னு யாரும் கேட்டதில்ல. ஜால்ரா தட்டுறவன் அய்யனு. யாரு என்ன சொன்னாலும் "அதானே!"ம்பான்.

இவங்களுக்கு ஒரு வெப்சைட்டு இருந்துச்சு. இடிமுழக்கம் டாட் காம். ஒச்சப்பனோட அக்கா புருசன் ஜெகதீசன் பண்ணிக் குடுத்தது. தொறந்ததும் சிவப்புக் கோட்டு, தோள்பட்டையில தங்கக் குஞ்சம், கையில டிரம்பெட்டோட ஒச்சப்பன் நிப்பான் பாருங்க, ஏதோ நாட்டையே பிடிச்சிட்டு வந்தவன் மாதிரி இருக்கும். அவனே தினம் ஒருதரம் தொறந்து பாத்துக்குவான்.

ஜெகதீசன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போறப்ப ஏர்போர்ட் வாசல்ல நின்னு நாலு பேருக்கும் புத்தி சொன்னாரு. "டேய், மெயில்ல எவனாச்சும் பணம் கட்டு, இல்லேன்னா அது போயிரும் இது போயிரும்னு மிரட்டுவான். எல்லாம் திருட்டுப் பயலுக. தொறக்காதீங்க. வந்ததும் அழிச்சிருங்க."

அழிச்சாங்க. பேரைப் புதுப்பிங்கன்னு மெயில் வரும், அழிப்பாங்க. அவசரம்னு வரும், அழிப்பாங்க. கடைசி எச்சரிக்கைன்னு ஒண்ணு வந்தப்ப பெத்தணனுக்கு மனசு கேக்கல.

"பாவம்டா இந்தத் திருடன். எத்தனை தடவை எழுதுறான். வீட்டுல என்ன கஷ்டமோ."

"அதானே!"ன்னான் அய்யனு.

"கஷ்டம்னா உழைச்சுப் பிழைக்கட்டும்"னு சொல்லி மொக்கராசு அதையும் அழிச்சான்.

இந்த நேரத்துலதான் ஒச்சப்பனுக்குக் காதல் வந்துச்சு. போடியில ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனப்ப மேகலையப் பாத்தான். பாத்ததும் டிரம்பெட்ல காத்து போறதுக்குப் பதிலா உள்ள வந்துருச்சு. அவளும் பாத்துச் சிரிச்சா. அவ அப்பா சௌந்தரபாண்டி ஏலக்கா வியாபாரி. ஏல மண்டபத்துல கை தூக்கித் தூக்கியே ஒரு கை கொஞ்சம் நீளமா ஆயிருச்சுன்னு ஊருல பேச்சு.

"ஊதுறவனுக்கெல்லாம் பொண்ணு குடுக்க முடியாது"ன்னுதான் மொதல்ல நின்னாரு. மேகலை போன்ல வெப்சைட்டைத் தொறந்து அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டுனா. மனுசன் இளகிட்டாரு. உடனே ஒச்சப்பனுக்குப் போனைப் போட்டாரு.

"தம்பி, வெப்சைட்டெல்லாம் வச்சிருக்கீங்களாமே. வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிஞ்சதும் எங்க அண்ணன்மாரு எல்லாரும் வர்றாங்க. பெரிய டிவியில போட்டுப் பாக்கப்போறோம். எல்லாருக்கும் பிடிச்சிருந்தா அன்னைக்கே முடிவு பண்ணிருவோம். பிடிக்கலேன்னா கம்பத்துல ஒரு மாப்பிள்ளை காத்துக்கிட்டிருக்காரு."

ஒச்சப்பன் போனைக் கும்புட்டான். புதன்கிழமை காலையில, நம்ம மூஞ்சி டிவிக்குத் தாங்குமான்னு பாக்கலாம்னு வெப்சைட்டைத் தொறந்தான். சிவப்புக் கோட்டைக் காணோம், குஞ்சத்தைக் காணோம், இவனையே காணோம். 'இந்தப் பெயரின் காலம் முடிந்துவிட்டது. ஏலத்தில் உள்ளது'ன்னு மட்டும் போட்டிருந்துச்சு.

நாலு பேரும் கொட்டகையில கூடி, மஸ்கட்டுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாங்க.

"பேருன்னா வருசா வருசம் பணம் கட்டிப் புதுப்பிக்கணும்டா! மெயில் வந்திருக்குமே?"

"வந்துச்சு மச்சான். நீங்க சொன்ன மாதிரி ஒண்ணு விடாம அழிச்சிட்டோம்."

மஸ்கட்டுல தலையில அடிச்சுக்கிற சத்தம் கேட்டுச்சு.

"அட கூறுகெட்டவனுகளா, அந்த ஒண்ணை மட்டுமாச்சும் தொறந்திருக்கக் கூடாதா?"

"எந்த ஒண்ணுன்னு நீங்க சொல்லலியே மச்சான்."

"சரி விடு. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு ஏலம் முடியுது. போன்லயே கேக்கலாம். ஆரம்ப விலைக்கு ஒரே ஒரு தடவை கேட்டா போதும், கிடைச்சிரும். உங்க பேரை எவன் சீந்தப்போறான்? ஆனா ஒண்ணு. வெளிய தெரிஞ்சா எவனாச்சும் போட்டிக்கு வந்துருவான். கமுக்கமா கேளு. யாருகிட்டயும் மூச்சு விடாத. விட்றாதடா, அந்தப் பேரை மட்டும் விட்றாத!"

போன் கட்டாச்சு. இதை ஒச்சப்பன் கேட்டான். பெத்தணன் கேட்டான். மொக்கராசு கேட்டான். அய்யனுவும் கேட்டான். நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுல்ல? அதனால எவனும் எதுவும் பேசல.

வியாழக்கிழமை செக்கானூரணியில ஒரு காதுகுத்து. அங்க போறதுக்கு முன்னாடி மொக்கராசு ஒரு சந்தேகத்தைக் கிளப்புனான்.

"பேரு காலாவதி ஆயிருச்சு. காலாவதியான மருந்தை விக்கலாமா?"

"கூடாது. ஜெயில்."

"அப்ப காலாவதியான பேரை வச்சுக்கிட்டு வாசிக்கலாமா?"

"அதானே!"

டிரம்முல எழுதியிருந்த இடிமுழக்கத்து மேல ஒரு வேட்டியச் சுத்துனாங்க. அது போதாதுன்னு பட்டுச்சு மொக்கராசுக்கு. "பேரே இல்லேங்குறப்ப இடியும் கூடாது, முழக்கமும் கூடாது. கை வாசிக்கட்டும், சத்தம் மட்டும் வரவேணாம்."

அப்படியே செஞ்சாங்க. ஒச்சப்பன் கன்னத்தை உப்பி உப்பி ஊதுறான், சத்தமில்ல. பெத்தணன் கோலை ஓங்கி ஓங்கி அடிச்சு, தோலுக்கு ஒரு விரக்கடை மேலயே நிறுத்துறான். கூட்டம் காதைக் குடைஞ்சு குடைஞ்சு பாத்துச்சு. ஒரு அப்பத்தா, எனக்குக் கேக்குறது சுத்தமா போச்சேன்னு ஓன்னு அழுதுச்சு. தாய்மாமன் ஓடி வந்தாரு.

"யோவ், எந்த செட்டுய்யா நீங்க?"

"இப்போதைக்குப் பேரு இல்லீங்க. ஏலத்துல இருக்கு. நாளைக்கு மத்தியானம் சொல்றோம்."

காது குத்துனப்ப அந்தப் புள்ள போட்ட சத்தம் மூணு தெரு தாண்டிக் கேட்டுச்சு. அதைக் கேட்ட பெறகுதான் அப்பத்தாவுக்கு உசுரு வந்துச்சு.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. கொட்டகையில ஆளுக்கொரு மூலையில, முதுகைக் காட்டி உக்காந்துட்டாங்க. ஒச்சப்பன் போனை டிரம்பெட் வாய்க்குள்ள வச்சு மறைச்சுக்கிட்டான். பெத்தணன் டிரம்முக்குப் பின்னால குனிஞ்சுக்கிட்டான். மொக்கராசு தலையோட துண்டைப் போட்டு மூடிக்கிட்டான். அய்யனு மட்டும் பப்பரக்கான்னு கையில வச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டான். தான் யாரையும் பாக்கலேன்னா தன்னை யாரு பாக்கப்போறாங்கன்னு.

ஒச்சப்பன் மூச்சை இழுத்துப் பிடிச்சான். மேகலை கன்னத்துக் குழிய நெனச்சுக்கிட்டு ஒரு அமுக்கு அமுக்குனான். முடிஞ்சுது, பேரு நம்மளுதுன்னு மூச்சு விடப்போனா, போனு டிங்குங்குது. 'உங்களுக்கு மேல் ஒருவர் கேட்டிருக்கிறார்.'

"எவன்டா அது!"ன்னு வாய்விட்டே கத்திட்டான்.

"என்ன மாப்ள?"ன்னான் பெத்தணன். அவன் போனை இப்பத்தான் மடியில வச்சிருந்தான்.

"ஒண்ணுமில்ல மாப்ள. எவனோ ஒரு பாவி என் வாழ்க்கையில குறுக்க வர்றான்."

"அவன் கை விளங்குமா!"ன்னு பெத்தணன் மனசாரச் சபிச்சான். சபிச்சு முடிக்கல, அவன் போனு டிங்குன்னுச்சு. "அட நாசமாப் போறவனே, எனக்குமாடா!"

இந்தத் தடவை கேட்டது மொக்கராசு. அவனுக்கு மேல அய்யனு. அய்யனுவுக்கு மேல ஒச்சப்பன். கொட்டகையே கோயில் மணி மாதிரி டிங்கு டிங்குன்னு கிடக்கு. கடைசி நேரத்துல யாராச்சும் கேட்டா ஏலம் அஞ்சு நிமிசம் நீளும். இவங்க கேக்கக் கேக்க அது நீண்டுக்கிட்டே போகுது. பன்னெண்டு மணி தாண்டிருச்சு. ராகு காலம் எப்பவோ எந்திரிச்சுப் போயிருச்சு. போடியில டிவியப் போட்டிருப்பாங்களேன்னு ஒச்சப்பனுக்கு உள்ளங்கை வேர்த்து டிரம்பெட்டே வழுக்குது.

"நாம யாருக்கு என்னடா கெடுதல் பண்ணுனோம்?"னு மொக்கராசு துண்டுக்குள்ள இருந்து அழுதான்.

"அதானே!"ன்னு சொல்லிக்கிட்டே அய்யனு அவனுக்கு மேல ஒரு விலை கேட்டான்.

திடீர்னு, போட்டியில இருக்குறது அஞ்சு பேருன்னு காட்டுச்சு. விலை எகிறிப் பாஞ்சுருச்சு. புதுசா வந்த ஆளு கண்ணுமண்ணு தெரியாம ஏத்துறான். நாலு பேரும் ஒரே நேரத்துல மூச்சைப் பிடிச்சாங்க. இந்தத் தடவை ஜெயிக்குற வரைக்கும் விடக்கூடாதுன்னு நாலு பேரும் தனித்தனியா முடிவு பண்ணிட்டாங்க. மூச்சும் விடல. மொதல்ல அய்யனு மூச்சு முட்டி மயங்கிச் சாஞ்சான். அப்புறம் மொக்கராசு. பெத்தணன் டிரம்மோட உருண்டான். டிரம்பெட்காரனுக்கு நெஞ்சுல காத்து அதிகம். ஒச்சப்பன் கடைசியா விழுந்தான்.

அந்த அஞ்சு நிமிசம் யாரும் கேக்கல. ஏலம் முடிஞ்சுபோச்சு.

முழிச்சுப் பாத்தா போன் அடிக்குது. சௌந்தரபாண்டி!

"மாப்ள! டிவியில பாத்தோம் மாப்ள! வெப்சைட்டத் தொறந்தா ஏலம் ஓடுது. உங்க பேருக்கு அம்புட்டு அடிதடி! எங்க பெரியண்ணன் ஆடிப்போயிட்டாரு. ஏலம்னு ஒண்ணு கண்ணு முன்னால நடந்தா எங்கையி சும்மா இருக்குமா? நம்ம வீட்டு மாப்பிள்ளை பேரை எவனோ நாலு களவாணிப் பயலுக தூக்கிட்டுப் போறதான்னு நானும் எறங்கிட்டேன். எடுத்துட்டேன் மாப்ள!"

ஒச்சப்பனுக்குச் சந்தோசத்துல காது அடைச்சிருச்சு. மேகலை அவனுக்குத்தான்!

"இந்தா, எல்லாரும் ஜீப்புல ஏறிட்டோம். நான் வர்றதுக்குள்ள அந்த நாலு பயலுகளையும் கண்டுபிடிச்சுக் கையக் கட்டி வைங்க. நேர்ல பேசிக்கிறேன்."

மாமனாரு போட்ட மொத உத்தரவு. நாலு பேரும் வட்டமா உக்காந்தாங்க.

"ஏலம் கேட்டவன் எவன்டா? நானும்தான் கேட்டேன், ஆனா நான் பேரைக் காப்பாத்தக் கேட்டேன்"னான் ஒச்சப்பன்.

"நானும் கேட்டேன். நானும் காப்பாத்தத்தான்"னான் பெத்தணன்.

"நானும்"னான் மொக்கராசு.

"அதானே, நானும்"னான் அய்யனு.

மொக்கராசு ரொம்ப நேரம் யோசிச்சான். "அப்ப கேட்டது நாம நாலு பேரு. மாமா கட்டச் சொன்னதும் நாலு பேரை. கணக்குச் சரியா வருதே."

"களவாணின்னு சொன்னாரேடா?"

"அதெல்லாம் அவரு வந்து பேசிக்குவாரு. நமக்குக் கட்டுறதுதான் வேலை."

பந்தக்கால் கட்டுற கயித்தை எடுத்து ஒச்சப்பன் மூணு பேரு கையையும் கட்டுனான். அப்பத்தான் சிக்கல். அவனைக் கட்ட ஆளில்ல. பெத்தணனை அவுத்துவிட்டான். பெத்தணன் இவனைக் கட்டுனான். இப்ப பெத்தணனைக் கட்ட ஆளில்ல. அவன் ஒச்சப்பனை அவுத்துவிட்டான். இப்படியே மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டிருக்குறப்ப ஜீப்பு வந்து நின்னுச்சு. சௌந்தரபாண்டி, அவரு அண்ணன்மாரு, கடைசியா பச்சைத் தாவணியில மேகலை.

"கட்டியாச்சா மாப்ள?"

"மூணு பேரு ஆச்சு மாமா. நாலாவது நான். கட்ட ஆளில்லாம நிக்கிறேன்."

சௌந்தரபாண்டி ஒவ்வொரு மூஞ்சியா பாத்தாரு. "அட, நீங்கதானா அது!"

கட்டுன கையோட மொக்கராசு முன்னால வந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. ஏலம் கேட்டது அஞ்சு பேரு. அஞ்சாவது ஆளு யாருங்க?"

"நான்தான்."

"அப்ப..."

சௌந்தரபாண்டி யோசிச்சாரு. அண்ணன்மாரைப் பாத்தாரு. "நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்யா"ன்னு ரெண்டு கையையும் நீட்டுனாரு. ஒச்சப்பன் பவ்யமா, வலிக்காமக் கட்டுனான். மேகலை தாவணியில வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. பெறகு கயித்தோட நுனிய எடுத்துக்கிட்டு நேரா ஒச்சப்பன்கிட்ட வந்தா.

"மிச்சம் இவருதானே? நான் போடுறேன்."

மொத முடிச்சு விழுந்துச்சு. ரெண்டாவது விழுந்துச்சு. மூணாவது முடிச்சப் பாத்ததும் பெத்தணனால தாங்க முடியல. ஆயிரம் கல்யாணம் பாத்த ஒடம்பு. மூணு முடிச்சுன்னா கெட்டிமேளம். கை கட்டிக் கிடந்தா என்ன, நெத்தியாலயே டிரம்மை டமடமன்னு முட்டித் தள்ளிட்டான். கெட்டிமேளம் கேட்டதும் அண்ணன்மாரு கை தானா சட்டைப்பைக்குள்ள போச்சு. இருந்தது ஏலக்காதான். அள்ளித் தூவிட்டாங்க.



"முடிஞ்சுபோச்சா?"ன்னாரு பெரியண்ணன்.

"கெட்டிமேளம் ஆயிருச்சுங்களே"ன்னான் மொக்கராசு.

சௌந்தரபாண்டிக்குக் கண்ணு கலங்கிருச்சு. அவரு கைக்கட்டை அவுத்துவிட்டாங்க, கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. மத்த மூணு பேரையும் அவுத்தாங்க. ஒச்சப்பன் கயித்துல கை வைக்கப் போனப்ப பெரியண்ணன் பதறிட்டாரு.

"யோவ்! கல்யாணத்துல போட்ட முடிச்சு. அதை அவுப்பாங்களா?"

"அதானே!"

அவுக்கல. இன்னைக்கும் இடிமுழக்கம் டாட் காமைத் தொறந்தா ஒச்சப்பன் ரெண்டு கையும் சேத்துக் கட்டுன மேனிக்கு டிரம்பெட்டோட நிக்கிறான். வெள்ளிக்கிழமை தவறாம மேகலை அந்தக் கயித்துக்கு மஞ்சப் பூசி விடுறா. ஆடிப்பெருக்குக்குப் புதுக் கயிறு மாத்தலாம்னு பெரியவங்க சொன்னாங்க. பழசைக் கழட்டுறதுக்கு முன்னாடி புதுசைக் கட்டிரணுமாம். புதுசைக் கட்டுனாங்க. பழசைக் கழட்டத்தான் யாருக்கும் தைரியம் வரல. வருசா வருசம் இதே கதை. இந்த ஆடியோட ஒச்சப்பன் கையில மூணு கயிறு.