கூழைக்கடாவின் இலவசச் சறுக்கு

காட்டாறு ஒன்று வளைந்து திரும்பும் இடத்தில் நீர்நாய்கள் கூட்டமாக வாழ்ந்தன. சறுக்கு விளையாட்டு என்றால் அவற்றுக்கு உயிர். கரையின் உச்சியிலிருந்து வயிற்றால் வழுக்கி வந்து ஆற்றில் விழ வேண்டும். யார் அதிக தூரம் போய் விழுகிறார்களோ அவர்களுக்கே அன்றைய வெற்றி.

அந்தச் சறுக்கு மேட்டைப் பராமரித்தவன் முசுடன் என்ற காட்டுப்பன்றி. விடிந்ததும் வந்து மூக்கால் மண்ணைக் கிளறுவான். கல்லையும் முள்ளையும் ஒதுக்கித் தள்ளுவான். பிறகு தானே அதில் புரண்டு புரண்டு மேட்டை மழமழவென்று ஆக்கிவிடுவான். அதற்குக் கூலியாக ஒவ்வொரு நீர்நாயும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆற்றுத் திட்டிலிருந்து ஒரு கட்டு கோரைக்கிழங்கு கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அடுத்த பௌர்ணமிவரை ஆசை தீரச் சறுக்கலாம்.

அங்கே எல்லாரையும்விட நன்றாகச் சறுக்கியவன் நெளியன். உடம்பை எங்கே வளைக்க வேண்டும், எங்கே விறைக்க வேண்டும் என்பதைப் பழகிப் பழகிக் கற்றிருந்தான்.

ஒருமுறை அவன் மனைவி அயிரை குட்டிகள் ஈன்றாள். அந்த மாதம் நெளியனால் மேட்டுப் பக்கம் அதிகம் வர முடியவில்லை. பௌர்ணமியன்று முசுடன் கிழங்கு கேட்டதும் அவனுக்குச் சுருக்கென்றது.

"நான் வராத நாளுக்கும் கூலியா, அண்ணே?" என்று கேட்டான்.

"நீ வராத நாளும் மேடு காய்ந்து வெடிக்கத்தான் செய்கிறது. நான் புரளத்தான் வேண்டியிருக்கிறது" என்றான் முசுடன்.

நெளியன் கிழங்கைக் கொடுத்தான். ஆனால் மனத்தாங்கல் போகவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அக்கரைக்கு, அலகின் கீழே பை தொங்கும் ஒரு கூழைக்கடா வந்து சேர்ந்தது. அங்கே வழுவழுப்பான பாறை ஒன்று ஆற்றை நோக்கிச் சரிந்திருந்தது. அதன்மேல் ஊற்றுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பாறையின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, இங்கே சறுக்க யாரும் எதுவும் தர வேண்டாம், எல்லாம் இலவசம் என்று கூழைக்கடா அறிவித்தது.

நீர்நாய்கள் திமுதிமுவென்று அக்கரைக்கு நீந்தின. நெளியனும் போனான். முதல் சில நாள் அவனே ஜெயித்தான். கிழங்கு தோண்டிய காலத்தை நினைத்துச் சிரித்தான்.

பிறகு ஒருநாள் தொந்தியன் என்ற இன்னொரு நீர்நாய் ஜெயித்தான். தொந்தியன் சறுக்கினால் பாதி வழியில் நின்றுவிடுவான். அப்படிப்பட்டவன் நெளியனைத் தாண்டி நடு ஆற்றில் போய் விழுந்தான்! விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. கூழைக்கடாவிடம் ஒருவகைப் பச்சைப் பாசி இருந்தது. ஒரு மீன் கொடுத்தால் வயிற்றில் பூசிவிடும். பூசிக்கொண்டவர்களை எவராலும் முந்த முடியாது. ஆனால் ஆற்றில் விழுந்ததும் பாசி கரைந்துவிடும். மறுநாள் மறுபடி மீன் கொடுக்க வேண்டும்.

அன்று முழுவதும் நெளியனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மறுநாள் அவனும் ஒரு மீன் கொடுத்தான். ஜெயித்தான். அடுத்த நாள் தொந்தியன் இரண்டு பூச்சுப் பூசிக்கொண்டு வந்தான். நெளியன் மூன்றாகக் கேட்டான்.

பாசியோடு நிற்கவில்லை. வரிசையில் முன்னால் நிற்கத் தனி மீன். தலையில் வைத்துக்கொள்ளப் பூக்கிரீடம், அதற்கு ஒரு வாளை மீன். கிரீடத்தைப் பாறையை விட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாது என்றது கூழைக்கடா. கடைசியாக, இலையில் மடித்த பொட்டலங்கள் வந்தன. உள்ளே பச்சைப் பாசியைவிட அதிகம் வழுக்கும் அபூர்வமான செம்பாசி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாங்கிப் பிரித்தால்தான் தெரியும்.

நெளியன் காலையில் பிடித்த மீனையெல்லாம் கூழைக்கடாவின் பைக்குள் போட்டுவிட்டு வெறுங்கையோடு வளைக்குத் திரும்பினான். அயிரை கேட்டால், ஆற்றில் மீன் குறைந்துவிட்டது என்று சொன்னான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. தனக்குப் பசியில்லை என்று சொல்லிக்கொண்டு குட்டிகளை அணைத்துப் படுத்துவிடுவாள்.

ஒருநாள் நெளியன் பெரிய விரால் ஒன்றைப் பிடித்தான். வீட்டுக்குத்தான் கொண்டுபோக நினைத்தான். ஆனால் செம்பாசி கிடைத்துவிட்டால் தொந்தியன் கதை முடிந்தது என்ற எண்ணம் அவனைப் பாறைக்கு இழுத்துப் போனது. விராலைக் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கினான். பிரித்தான். உள்ளே மணல் இருந்தது.

அவன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கிளையில் வந்து உட்கார்ந்த மீன்கொத்தி சொன்னது: "நெளியா, உன் மனைவி முதலை மடுவில் இறங்கி மீன் தேடுகிறாள்."

நெளியன் பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடினான். புதர் கிழித்ததும் தெரியவில்லை, கல் குத்தியதும் தெரியவில்லை. முதலை மடுவில் எந்த நீர்நாயும் இறங்காது. இறங்கினால் திரும்பாது.

அவன் போய்ச் சேர்ந்தபோது, மடுவின் நடுவே ஒரு மரக்கட்டையில் அயிரை ஒண்டிக்கொண்டிருந்தாள். வாலில் ரத்தம் வழிந்தது. கட்டையைச் சுற்றி முதலை மெதுவாக நீந்திக்கொண்டிருந்தது. நெளியன் யோசிக்கவில்லை. எதிர்ப்பக்கம் தண்ணீரில் குதித்து வாலால் ஓங்கி ஓங்கி அடித்தான். சத்தம் கேட்டு முதலை திரும்பி அவனை நோக்கிப் பாய்ந்தது. அந்த இடைவெளியில் அயிரை குதித்துக் கரையேறிவிட்டாள். நெளியன் கரையோர மரத்தின் வேர்களுக்குள் புகுந்து, முதலையின் வாய் மூடும் ஓசையைக் காதருகே கேட்டுக்கொண்டே, மறுபக்கம் வெளியே வந்து விழுந்தான்.

இருவரும் கரையில் படுத்து மூச்சு வாங்கினார்கள்.

"இங்கே ஏன் வந்தாய்?" என்று நெளியன் கேட்டான்.

"வேறு எங்கே போவேன்? நீங்கள் பிடிக்கிற மீன் அக்கரைக்குப் போவது எனக்குத் தெரியும். எனக்குப் பால் வற்றிவிட்டது. குட்டிகள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கின்றன" என்றாள் அயிரை.

நெளியன் தலைகுனிந்தான். பிறகு எழுந்து ஆற்றில் இறங்கினான். அன்று பிடித்த மீன் அத்தனையும் வளைக்குப் போனது. அயிரை வயிறாரச் சாப்பிட்டாள். பொழுது சாய்வதற்குள் பால் சுரந்தது. குட்டிகள் குடித்துவிட்டு ஒன்றையொன்று கடித்து விளையாடத் தொடங்கின. அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் நெளியனின் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

மறுநாள் ஆற்றில் அவனைப் பார்த்த கூழைக்கடா, "தம்பி, இத்தனை மீன் கொடுத்துவிட்டு இப்போது நிறுத்தினால் எல்லாம் வீணாகிவிடுமே! உன் கிரீடம் வேறு அங்கே காத்திருக்கிறது" என்றது.

"கொடுத்தது போனது போனதுதான். கிரீடத்தை நீயே வைத்துக்கொள். இனி பிடிப்பதாவது என் வீட்டுக்குப் போகட்டும்" என்றான் நெளியன். சொல்லிவிட்டுத் திரும்பியபோது உடம்பே லேசாகிவிட்டதுபோல் இருந்தது. இன்றைக்கு யாரை முந்துவது, எத்தனை பூச்சு வாங்குவது என்ற கவலை ஒன்றுமே இல்லை.

பௌர்ணமியன்று ஒரு கட்டு கோரைக்கிழங்கோடு, கூச்சப்பட்டுக்கொண்டே முசுடனிடம் போனான். முசுடன் எதையும் குத்திக் காட்டவில்லை. கிழங்கை வாங்கி முகர்ந்து பார்த்தான். நேற்றுப் பெய்த மழையில் மண் நன்றாக ஊறியிருக்கிறது, சீக்கிரம் ஏறு என்று மட்டும் சொன்னான்.

மேட்டில் தொந்தியனும் நின்றிருந்தான். அவனும் கையில் இருந்ததையெல்லாம் இழந்துவிட்டுத் திரும்பியிருந்தான். ஒருவரையொருவர் பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையில் ஒவ்வொருவராகச் சறுக்கினார்கள். அன்று ஜெயித்தது நெளியனும் இல்லை, தொந்தியனும் இல்லை. வால் காயம் ஆறி அன்றுதான் மேட்டுக்கு வந்திருந்த அயிரை, இருவரையும் தாண்டிப் போய் விழுந்தாள். தோற்றுவிட்டோமே என்ற வருத்தம் நெளியனுக்குத் துளியும் வரவில்லை. நேர்மையாகத் தோற்பதுகூட இவ்வளவு நிம்மதியா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இலவசம் என்று கூப்பிட்டு உள்ளே வெற்றியை விலைக்கு விற்பவனை நம்புவதைவிட, விளையாட்டுக்கு உரிய கூலியை வாசலிலேயே வெளிப்படையாகக் கேட்பவனிடம் கொடுத்து நிம்மதியாக விளையாடுவதே நல்லது.