‘நைஸ்’ நல்ல சொல்லான நாள்

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அங்கே ஆவுடையம்மை குரு. அவருடைய சீடர் திருமேனி, குருவைவிட வயதில் நன்றாக மூத்தவர். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர் என்பதால், ஆசிரமத்தில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்.

ஒருநாள் காலை வாத்தியார் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வாசலுக்கு வந்தார். வேப்பமரத்தடியில் ஆவுடையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்ன வாத்தியாரே, நைஸா நழுவப் பார்க்கிறீங்களா?”

பிடிபட்ட வெட்கம் அவருக்குக் கோபமாக வந்தது.

“நைஸுன்னா அப்படி அர்த்தமே கிடையாதும்மா! இங்கே மாவை நைஸா ஆட்டுறாங்க, நைஸாப் பேசி ஏமாத்துறாங்க. வெள்ளைக்காரன் கேட்டா அழுதுடுவான்.”

“அழட்டும். பை எதுக்கு?”

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஊருக்குப் போறேன். கோபத்தை விடணும்னுதான் இங்கே வந்தேன். வருஷம் ஓடினதுதான் மிச்சம். இன்னிக்குக் காலையில்கூட, சாம்பார்ல உப்பு ஒரு கல் கூடிப்போச்சுன்னு சமையற்கார செல்லத்தாயை அழவெச்சுட்டேன். நான் கொஞ்சமாவது மாறியிருக்கேனா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருக்கேன். இல்லேன்னா பஸ் வந்ததும் ஏறிடறேன்.”

ஆவுடையம்மை ஒரு பூச்சி அரித்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

“நைஸுக்கு நிஜமான அர்த்தம்தான் என்ன?”

“நல்லது. இனிமையானது.”

“பிறந்ததிலிருந்தே அப்படியா?”

“இல்லை. அதுக்கு முன்னே, துல்லியமானது. அதுக்கும் முன்னே, தொட்டதுக்கெல்லாம் நொட்டை சொல்றவன்.”

“சாம்பாருக்கு.”

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சாம்பாருக்கும்தான்.”

“அதுக்கும் முன்னே?”

“முட்டாள். லத்தீன்ல, அது பிறந்த வீட்டுல, ஒண்ணும் அறியாதவன்.”

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். பரீட்சைக்கு வரும் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன செய்திதான். இன்றைக்கு அவருக்கே மெய்சிலிர்த்தது. ஒரு வசவு. சந்தையில், படகில், சண்டையில், தொட்டிலருகே என்று யார் யார் வாயிலோ நூற்றாண்டுக் கணக்கில் புரண்டிருக்கிறது. பேசியவர்கள் எல்லோரும் மண்ணாகிவிட்டார்கள். அது மட்டும் கடல் தாண்டி, நல்ல பெயர் எடுத்து, செல்லத்தாயின் மாவு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது!

“அம்மா…” என்றார். குரல் இறங்கியிருந்தது. “எவ்வளவு தூரம் வந்திருக்கு, பாருங்களேன்.”

“யார் அதைத் திருத்தினது?”

“யாருமில்லை. ஜனங்க பேசிப் பேசியே மாறிப்போச்சு.”

“எந்த நாள்ல நல்ல சொல்லாச்சு?”

“அதை எப்படிம்மா சொல்ல முடியும்? நேத்து வரைக்கும் வசவு, இன்னிக்குப் பாராட்டுன்னு ஒருநாள் இருந்திருக்காது. மாறுறது அந்தச் சொல்லுக்கே தெரிஞ்சிருக்காது.”

தூரத்துத் திருப்பத்தில் ஹாரன் சத்தம் கேட்டது.

ஆவுடையம்மை அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

“உங்களுக்கு மட்டும் பஸ் வர்றதுக்குள்ளே தெரிஞ்சாகணுமா, வாத்தியாரே?”