முனைக்கு முந்தைய முனை

தென்கடலின் கிழக்குக் கரையில் ஒரு காலை, மனிதர்கள் மணலில் பெட்டிகளை இறக்கித் திறந்தார்கள். பெட்டிக்கு ஐந்தாறு பென்குயின்கள் தத்தித் தத்தி வெளியே வந்தன. அவற்றில் ஒருத்தி நெய்தலி.

நெய்தலியின் வீடு மேற்குக் கடலில் ஒரு சிறு தீவு. அதன் அருகே ஒரு கப்பல் உடைந்து எண்ணெய் கொட்டிவிட்டது. கரையோரம் கண்ணில் பட்ட பென்குயின்களையெல்லாம் மனிதர்கள் பிடித்தார்கள். லாரியில் ஏற்றி, நாட்டின் மறுபக்கத்தில் கொண்டுவந்து விட்டார்கள். இவை நீந்தித் திரும்புவதற்குள் கடலைக் கழுவிவிடலாம் என்பது அவர்கள் யோசனை.

நல்ல யோசனைதான். ஆனால் நெய்தலியின் கணவன் ஆழியன் அப்போது அவர்கள் கூடான குழிக்குள் இருந்தான். இரண்டு முட்டைகளின் மேல் படுத்திருந்தான். அவனை யாரும் பார்க்கவில்லை.

மீன் பிடிக்கப் போனவள் திரும்பும்வரை அவன் எழுந்திருக்க மாட்டான். எழுந்தால் கடற்காகம் முட்டைகளைக் கொத்திவிடும். எழாமல் இருந்தால் பட்டினி. பதினெட்டு நாள் தாங்குவான். அதற்கு மேல் எந்தப் பென்குயினாலும் முடியாது.

"பெட்டியிலேயே ரெண்டு நாள் போயிடுச்சு," என்றாள் நெய்தலி.

"மிச்சம் பதினாறு இருக்கே, தங்கச்சி," என்றார் பக்கத்துப் பெட்டியிலிருந்து இறங்கிய தொந்தியப்பன். தீவில் அவள் குழிக்கு மூன்றாவது குழி அவருடையது. பெயருக்கு ஏற்ற உடம்பு. "நீந்திடலாம். ஆனா நடுவுல அந்த முனை இருக்கு."

முனை என்றதும் சுற்றி இருந்தவை ஓரடி பின்வாங்கின.

அந்த நாடு தெற்கே போகப் போக ஒடுங்கி, கடைசியில் கடலுக்குள் ஒரு பாறைவிரலை நீட்டும். கிழக்கிலிருந்து ஓடிவரும் வெந்நீரோட்டமும் மேற்கிலிருந்து வீசும் காற்றும் அந்தப் பக்கத்துக் கடலில்தான் மோதிக்கொள்ளும். ஓட்டம் ஒரு பக்கம் தள்ளும். காற்று மறுபக்கம் தள்ளும். போக இடமில்லாத தண்ணீர் எழுந்து மலைபோல நிற்கும். முதலில் அங்கே வந்த மாலுமிகள் அதைப் புயல் முனை என்றார்கள். இப்படிப் பேர் வைத்தால் எவன் கப்பல் ஏறுவான் என்று அவர்களுடைய ராஜா கவலைப்பட்டார். நன்னம்பிக்கை முனை என்று மாற்றிவிட்டார். பேர் மாறிய சேதியைக் காற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

"இங்கேயும் மீன் இருக்கு. நாங்க இருந்துக்கறோம்," என்றன சில பென்குயின்கள்.

நெய்தலி தண்ணீரில் இறங்கினாள். தொந்தியப்பனும் பின்னால் இறங்கினார்.

"உங்களுக்கு அங்க யார் காத்திருக்காங்க, அண்ணே?"

"யாருமில்லை. ஆனா என் குழிக்குள்ள வேற எவனோ காலை நீட்டிப் படுத்திருப்பான்னு நினைச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

இருவரும் கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு மேற்கே நீந்தினார்கள். முதல் சில நாட்கள் ஓட்டமே அவர்களைச் சுமந்துகொண்டு போனது. அப்புறம் காற்று எதிர்த்து வந்தது. அலைகள் பிளந்தன. ஏறினால் வானம், இறங்கினால் இருட்டு. ஒரு மூச்சுக்கு மேலே வருவதற்கே பத்து முறை சிறகடிக்க வேண்டியிருந்தது. மீன் பிடிக்க நேரமில்லை. தொந்தியப்பனின் வயிறு நாளுக்கு நாள் உள்ளே போயிற்று.

"ஊருக்குப் போனதும் பேரை மாத்திக்கணும் போல," என்றார் அவர்.

நெய்தலிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இருந்தாலும் சிரித்தாள். அவருக்காகத்தான்.

ஆழியனின் பட்டினிக்குப் பதினான்காம் நாள் காலை, கரை சட்டென்று முடிந்தது. ஒரு மலை, கடலை எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்து நின்றது. அதைத் தாண்டியதும் நிலம் வடக்கே திரும்பிப் போயிற்று. அந்த வளைவுக்குள் தண்ணீர் தட்டையாக, வெயில் பட்டுக் கிடந்தது.

"முனை வந்தாச்சு, தங்கச்சி! வீடு வடக்கே. நிலமும் வடக்கே திரும்பிடுச்சு. பாரு."

மலையடியில் ஒரு பாறை. பாறைமேல் ஒரு கடல்நாய் படுத்திருந்தது. எண்ணெய் தடவினாற்போல மீசை பளபளத்தது.

"வாங்க, வாங்க," என்றது கடல்நாய். "ரொம்ப தூரம் போல. முகமெல்லாம் வாடிப்போச்சு. இதுதான் நீங்க தேடி வந்த முனை. உள்ளே போய் இளைப்பாறுங்க. சாளை மீன் கூட்டம் கூட்டமா நிக்குது."

தொந்தியப்பன் உடனே திரும்பினார். நெய்தலி திரும்பவில்லை. கால்விரல்களைத் தண்ணீருக்குள் விரித்துப் பார்த்தாள்.

"தண்ணி இன்னும் சூடா இருக்கே, அண்ணே."

"சூடா? வெதுவெதுன்னு எவ்வளவு இதமா இருக்கு!"

"நம்ம கடல் இதமா இருக்காதே. முனையைத் தாண்டினா காலைக் கடிக்கணும்."

கடல்நாய் மீசையை நீவிவிட்டுக்கொண்டது. "சந்தேகமா, தாயி? கிழக்கேயிருந்து சரக்கு ஏத்திக்கிட்டு வந்த எத்தனையோ கப்பல் இந்த மலையைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கு. மாசக் கணக்கா கடல்ல கிடந்த மாலுமிகள். நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறவங்க. அவங்களைவிட உனக்குத் தெரியுமா?"

"திரும்பின கப்பலெல்லாம் இப்ப எங்கே?"

"உள்ளேதான் இருக்கு."

"வெளியே போனதைப் பார்த்தீங்களா?"

"விருந்துக்கு வந்தவங்க உடனே கிளம்புவாங்களா என்ன?" என்று கடல்நாய் சிரித்தது. பல் நிறையவே இருந்தது.

நெய்தலி மூச்சை இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் பாய்ந்தாள்.

அடியில், வெள்ளை மணலில், ஒரு கப்பல் சாய்ந்து கிடந்தது. விலா எலும்புகள் போல மரச்சட்டங்கள். நங்கூரத்தின்மேல் பாசி. அதற்கப்பால் இன்னொன்று. இரண்டின் முகப்புகளும் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தன. வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நம்பி, உள்ளே வந்து, காற்றில் சிக்கி, திரும்பிப் போக வழியில்லாமல் இறந்த கப்பல்கள். மாண்ட பிறகும் அவை வீடு இருக்கும் பக்கம் பார்த்தபடியே கிடந்தன.

நெய்தலி மேலே வந்தாள். "அண்ணே, இது அந்த முனை இல்லை. இது அதைப் போல இருக்கிற வேறொண்ணு. நிஜமானது இந்த விரிகுடா வாயைக் கடந்து மேற்கே இருக்கு. வாங்க."

தொந்தியப்பன் அதற்குள் இருபது சிறகு வீச்சு உள்ளே போயிருந்தார். நின்று திரும்பிப் பார்த்தார்.

"நீ சொல்றது நிஜமாவே இருக்கும், தங்கச்சி. ஆனா இதுவா இருக்கக் கூடாதான்னு என் உடம்பு கேக்குதே. ஒரு வேளை சாப்பிட்டுட்டு வந்துடறேன். நீ முன்னால போ."

"சாப்பாடு வேண்டாம், அண்ணே. பாறையைப் பாருங்க."

பாறைமேல் யாரும் இல்லை.

"அண்ணே!"

தண்ணீர் ஒரு தரம் கொப்பளித்தது. அப்புறம் மறுபடியும் தட்டையாக, வெயில் பட்டுக் கிடந்தது.

நெய்தலி ஒரு கணம் அப்படியே மிதந்தாள். பிறகு முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பினாள். அழுவதற்கென்று நின்றால் அலை பின்னுக்குத் தள்ளிவிடும். நீந்திக்கொண்டே அழுதாள். கடலில் அழுவதில் ஒரு வசதி உண்டு. கடலுக்குக்கூட அது தெரிவதில்லை.

விரிகுடாவின் வாயைக் கடக்க ஒரு பகலும் ஓர் இரவும் ஆயின. நடுவில் கரையே கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று முறை அலை அவளைப் புரட்டிப் போட்டது. மூன்று முறையும் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமே திரும்பினாள். சிறகு மரத்துப்போனபோது, இன்னும் ஒரு வீச்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகும் இன்னும் ஒரு வீச்சு. இவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த மந்திரம்.

பதினைந்தாம் நாள் பொழுது விடிந்த பிறகு, உயரமான ஒரு பாறைக்கரை பனிமூட்டத்திலிருந்து வெளிப்பட்டது. அங்கே யாரும் வரவேற்கவில்லை. தட்டையான தண்ணீரும் இல்லை. நுரையும் இரைச்சலும்தான். நெய்தலி அதையும் நம்பவில்லை. கரையை விட்டு விலகி, சுற்றிக்கொண்டு, மேற்கே இன்னும் கொஞ்சம் போனாள்.

திடீரென்று கால்களை ஏதோ கடித்தது. மீனா என்று குனிந்து பார்த்தாள். மீனில்லை. குளிர். எலும்புவரை ஏறும், அவள் முட்டையிலிருந்து வந்த நாள் முதல் அறிந்த, பச்சை நிறக் குளிர்.

அப்போதுதான் வடக்கே திரும்பினாள்.

பதினெட்டாம் நாள் உச்சிவெயிலில் தீவின் பாறைகளில் ஏறினாள். எண்ணெய் வாடை மட்டும் லேசாக மிச்சம் இருந்தது. குழி வாசலில் இரண்டு கடற்காகங்கள் பொறுமையாக உட்கார்ந்திருந்தன. அலகை நீட்டிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தில் இரண்டும் பறந்தே போய்விட்டன.

உள்ளே ஆழியன் இறகும் எலும்புமாகப் படுத்திருந்தான். மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"வந்துட்டியா," என்றான். "வெயில் இறங்கினதும் எழுந்துடலாம்னு இருந்தேன். இதுக்கு மேல என்னால முடியாது, நெய்தலி."

"முடிஞ்சதே. போங்க. தண்ணி சுத்தமா இருக்கு. போய் வயிறு நிறையச் சாப்பிடுங்க."

அவன் எழுந்தான். இரண்டு முறை விழுந்து, மூன்றாம் முறை நின்று, நடந்தான். அவன் விட்ட இடத்தில் நெய்தலி படுத்துக்கொண்டாள். முட்டைகள் இரண்டும் சூடாக இருந்தன. ஒன்றுக்குள் ஏதோ அசைந்து, ஓட்டில் உள்ளிருந்து மெல்லத் தட்டியது.

களைத்தவர் கண்ணுக்கு எந்த முனையும் கடைசி முனையாகத்தான் தெரியும்; சோதித்துப் பார்த்த பிறகே திரும்ப வேண்டும்.